65 வாட் சார்ஜர் போட்டால் போன் சீக்கிரம் ஏறுமா?

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார் என் சித்தப்பா. டீக்கு நிறுத்தும் அரை மணி நேரத்தில்தான் போனுக்கு சார்ஜ் ஏற வேண்டும். மேப், லோடு விவரம், வீட்டுக்கு ஒரு போன் எல்லாம் அதை நம்பித்தான். அதற்காகவே பெரம்பலூரில் 65 வாட் சார்ஜர் வாங்கினார். "பழசைவிட லேட்டா ஏறுதுடா. நீ போன் பத்தி எழுதுறவன்தானே, என்னன்னு பாரு" என்றார்.

சார்ஜரின் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போன்தான்; சார்ஜர் திணிக்காது. சித்தப்பாவின் போன் வாங்குவதே அதிகபட்சம் 18 வாட் (9 வோல்ட், 2 ஆம்பியர்). புது சார்ஜரோ வேறொரு கம்பெனி போனுக்கென்று செய்தது. அந்த போன், அதற்கான கேபிள் இருந்தால்தான் 65 வாட். மற்ற போனைச் செருகினால் 5 வோல்ட், 2 ஆம்பியர். அதாவது வெறும் 10 வாட்! (விலையை இங்கே எழுத வேண்டாம் என்று சித்தப்பா உத்தரவு. சித்தியும் படிப்பார்.)

லாரி கேபினில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடியோரம் மேப் ஓடி போன் சூடானால், பேட்டரியைக் காக்க போனே சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடும். 80 சதவீதத்துக்கு மேல் எந்த சார்ஜரிலும் நிதானம்தான்.

உங்களிடம் இருப்பது 10 வாட், போன் வாங்குவது 25 வாட் என்றால் தாராளமாக மாற்றுங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும். பழைய கேபிளையே செருகாதீர்கள்.