அப்பாயியின் பல்

ஐப்பசி மழைக்கு முன்னால் குறுவையை வீடு சேர்ப்பதுதான் தஞ்சைப் பக்கத்தில் பெரும்பாடு. இன்றும் மழை தூறினால் சாலையோர நெல்லும் அதன்மேல் இழுத்துப் போர்த்திய தார்ப்பாயும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரைதான் எடுப்பார்கள். மழை கொட்டிய ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்தியதும் உண்டு. உத்தரவு வருவதற்குள் அடிக்குவியலில் முளைவிட்ட நெல்லை நான் அள்ளிப் பார்த்திருக்கிறேன்.

ஆள் வைத்து அறுத்த காலத்தில் கதிர் அரியாக வயலில் கிடந்து காயும். கட்டுக் கட்டிக் களம் சேர்த்து, அடித்துத் தூற்றுவதற்குள் பாதி ஈரம் போய்விடும். இப்போது அறுப்பு இயந்திரம் பச்சை ஈரத்தோடு டிரெய்லரில் கொட்டுகிறது. களங்கள் மனைகளாகிவிட்டன. சாலையை விட்டால் வேறு இடம் ஏது? கொதிக்கும் தாரில் கனமாகப் பரப்பிக் கிளறாமல் விட்டால் ஒரு பக்கம் விரிசல், ஒரு பக்கம் ஈரம். ராத்திரிப் பனியும் பட்டால் மில்லில் நொய்யாகத்தான் விழும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன்.

ஈரம் அளக்கும் மீட்டர் வாங்க முடியாதவர்களுக்கு உப்பு பாட்டில். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு நெல், வறுத்து ஈரம் போக்கிய உப்பு ஒரு கரண்டி. மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. திருவாரூர் பக்கம் ஒரு ஊரில் இதைச் செய்து காட்டியபோது, பின்னால் நின்ற ஓர் அப்பாயி இரண்டு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்தார். “ஈரம்தான் தம்பி, இன்னும் ஒரு வெயில் வேணும்” என்றார். நசுங்கினால் ஈரம், டக்கென்று முறிந்தால் காய்ச்சல். பாட்டிலைப் பார்த்தோம். உப்பு அப்பியிருந்தது.

அன்றைய வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை பட்டா யார் பெயரிலோ அவர்தான் விவசாயி, கையெழுத்தும் அவருடையதுதான். பத்தாயத்தைத் திறந்து மூடுவதும், அந்துப்பூச்சி பறப்பதை முதலில் பார்ப்பதும், நொச்சியும் வேம்பும் போட்டு வைப்பதும் பெண்கள். அவர்களைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் பயிற்சி பாதிப் பயிற்சிகூட இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

அடுத்த முறை உளுந்துக்காகப் போனபோது பெண்களைத்தான் முதலில் உட்காரவைத்தோம். சம்பா அறுப்புக்கு முன்பே ஈர வயலில் விதைக்கும் உளுந்து அது. பயறு வண்டு வயலிலேயே நெற்றின் மேல் முட்டையிட்டுவிடும். வீட்டுக்கு நாமேதான் தூக்கி வருகிறோம். வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும் முட்டையைக் காட்டியதும் ஒருவர் விடாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். மோகன் உருவாக்கிய பூச்சிப்பொறியையும் கொண்டுபோயிருந்தேன். துளையிட்ட குழாய், அடியில் கூம்பு. தானியத்துக்குள் சொருகிவைத்தால், காற்றைத் தேடி நகரும் வண்டு துளைவழியே நுழைந்து கீழே விழுந்துவிடும். மேலே ஏற முடியாது. கண்ணுக்குத் தெரியாத வண்டை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பூச்சி அண்டாமல் இருக்கத் துவரைக்குச் செம்மண் கட்டுவார்களே, அதையும் அவர்களே பேச்சில் இழுத்தார்கள்.

அப்பாயி முன்வரிசையில் இருந்தார். “உளுந்துக்கும் உப்பு போட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டார். உளுந்து 10 சதவீதத்துக்குக் கீழே காய வேண்டும், அவ்வளவு நுணுக்கத்துக்கு இந்த பாட்டில் போதாது என்றேன். அவர் நாலு உளுந்தை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, பக்கத்துப் பெண்ணுக்கும் நாலு கொடுத்தார்.