ஒரே வாயு, இரண்டு வெப்பநிலை

மெர்சிங்,
மார்ச் 10.

அன்புத் தம்பிக்கு,

மழைக்காலம் ஓய்ந்து, தியோமான் படகுகள் மறுபடி ஓடுகின்றன. வானமும் வெளுத்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு ஓரையன் ஏறக்குறைய உச்சியில் நிற்கிறது. அதன் வாளில் உன் நெபுலா மங்கலாக, வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.

அந்த வாயுவை ஆக்சிஜன் கோடுகளால் அளந்தால் ஒன்று, ஹைட்ரஜனின் பால்மர் தாவலால் அளந்தால் ஒன்று என இரண்டு வெப்பநிலை வருகிறதே, எது சரி என்று கேட்டிருந்தாய். ஒவ்வோர் அளவும் எந்த எலக்ட்ரான்களிடம் விசாரிக்கிறது என்று முதலில் பார். இரு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் 5007 ஆங்ஸ்ட்ராம் கோட்டை உமிழ, மோதும் எலக்ட்ரான் 2.5 எலக்ட்ரான் வோல்ட் கொடுக்க வேண்டும். 4363 கோட்டுக்கு 5.35 வேண்டும். 10,000 கெல்வினில் சராசரி ஆற்றலே 1.3தான். ஆகவே இந்தக் கோடுகளின் விகிதம் வேகமான சிறுபான்மையைத்தான் கேட்கிறது. ஹைட்ரஜன் நிறமாலையில் ஒளி சட்டென மாறும் பால்மர் தாவலோ, மெதுவாகப் போய்ப் புரோட்டானிடம் சிக்கும் எலக்ட்ரான்களால் வருவது. நம் துறைமுகத்தில் பெரிய விசைப்படகுகளை மட்டும் எண்ணி ஊர் மீனவர் வருமானத்தைக் கணக்கிட்டால் தொகை ஏறித்தானே நிற்கும்? வெப்பநிலை அப்படி ஏறினால் ஆக்சிஜனின் அளவு குறைத்து மதிப்பிடப்படும்.

காரணம் என்ன? வாயுவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் சூடு மாறுகிறது என்றார் மெக்சிகோவின் பெய்ம்பெர்ட், 1967இல். எலக்ட்ரான்களே வெப்பச் சமநிலைக்குரிய மாக்ஸ்வெல் பரவலில் இல்லை, சூரியக் காற்றில் காண்பதுபோல வேகமானவை கூடுதலாக உள்ள காப்பா பரவலில் இருக்கின்றன என்றார்கள் 2012இல் ஆஸ்திரேலியாவின் நிக்கல்ஸ், டோபிட்டா, சதர்லேண்ட் மூவரும். கேட்க அழகான விடைதான். ஆனால் ஓரையன் போன்ற அடர்த்தியில் எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதி ஆற்றலைப் பகிர்ந்து மாக்ஸ்வெல் பரவலுக்குத் திரும்பச் சில நொடிகள் போதும். வாயு சூடேறி ஆறவோ ஆண்டுகள் ஆகும். சூரியக் காற்றில் மோதலே அரிது, அதனால் அங்கே காப்பா நிலைக்கிறது. 2018இல் டிரெய்னும் கிரைஷும் கணக்குப் போட்டு, நெபுலாவில் காப்பாவுக்கு இடமில்லை என்று காட்டினார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பெய்ம்பெர்ட் சொன்னதை நீ விட்டுவிடாதே.

ஆய்வறிக்கையில் ஒரே எண்ணை எழுதி முடித்துவிடாதே. இரண்டையும் எழுது, எது எந்தக் கோட்டிலிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே குறி. அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் வந்து வாங்கிப் போ.

அன்புடன்,
அக்கா