சொன்னவர் அவனுடைய சொந்த வக்கீல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் சோஃபாவில் சரிந்திருந்தோம். பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் ஒரு புத்தகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எர்னஸ்ட் ஜே. கெய்ன்ஸ் எழுதிய 'எ லெசன் பிஃபோர் டையிங்'.

"மாமா, நீங்க இதைப் படிச்சிருக்கீங்களா?"

படித்திருக்கிறேன், இதே பத்தாம் வகுப்பில். டெஸ்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

"வக்கீல் பேசுற இடத்தை டீச்சர் சத்தமா படிக்கச் சொன்னாங்க. எல்லாரும் ஒரே ஒரு பையனைத் திரும்பிப் பாத்தாங்க." வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பினப் பையனை. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் பாத்தேன் மாமா," என்றாள்.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "டீ போடட்டுமா?" என்று எழுந்துவிட்டேன். அந்த வாரம் லைப்ரரியில் புத்தகத்தை எடுத்து மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

கதை 1940-களின் பிற்பகுதியில் லூயிசியானாவில் நடக்கிறது. ஜெபர்சனுக்கு 21 வயது. கரும்புத் தோட்டத்துக் கூலி. வழியில் கிடைத்த இரண்டு பேரோடு ஒரு சாராயக் கடைக்குப் போகிறான். அங்கே துப்பாக்கிச் சூடு. கடைக்கார வெள்ளைக்காரரும் அந்த இரண்டு பேரும் செத்துவிட, உயிரோடு நிற்பவன் இவன் மட்டும். ஜூரியில் இருப்பவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். தீர்ப்பு என்னவாக இருக்கும் என்பதில் கதைக்குள் யாருக்கும் சந்தேகமே இல்லை.

எனக்கு மறந்துபோயிருந்த விஷயம் ஒன்று: அவனைப் பன்றி என்று சொல்வது அரசுத் தரப்பு இல்லை, அவனுடைய சொந்த வக்கீல். அதுவும் காப்பாற்றுவதற்காக. இவனுக்குத் திட்டம் போடுகிற மூளை ஏது, இவனை மின்சார நாற்காலியில் உட்கார வைப்பதும் ஒரு பன்றியை உட்கார வைப்பதும் ஒன்றுதான் என்று வாதாடுகிறார். இரக்கம் கேட்கிறாராம். இரக்கமும் கிடைக்கவில்லை, அந்தச் சொல் மட்டும் ஜெபர்சனோடு சிறைக்குப் போகிறது. சாப்பாடு கொண்டுவருகிறவர் முன்னால் அவன் தரையில் தலையைக் கவிழ்த்து, கையை உபயோகிக்காமல், பன்றி மாதிரியே தின்று காட்டுகிறான்.

அவனை வளர்த்த ஞானத்தாய் மிஸ் எம்மா கேட்பது ஒன்றுதான். அவன் சாகத்தான் போகிறான், மனுஷனாகச் சாகட்டும். அதற்கு ஊர்ப் பள்ளி வாத்தியார் கிராண்ட் விக்கின்ஸைப் பிடித்துக்கொள்கிறார். கிராண்ட் ஒன்றும் மகான் இல்லை. அரைமனதாகப் போகிறார், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார், ஊரைவிட்டு ஓடிவிடத் துடிக்கிறார். சிறைக்குள் போக அனுமதி கேட்கத் தோட்ட முதலாளி வீட்டுக்கு வரச் சொல்லி, சமையலறையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நிற்க வைக்கிறார்கள். ஷெரிஃபிடம் பேசும்போது, படித்தவன் மாதிரி இலக்கண சுத்தமாகப் பேசுவதா, வேண்டாமா என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கணக்குப் போடுகிறார். (ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு குரல், அம்மாவிடம் ஒரு குரல் என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புரியும். கொஞ்சம்தான். நம் கணக்கு தப்பினால் யாரும் நம்மைச் சிறைக்குள் விடாமல் இருக்கப் போவதில்லை.)

"நிரபராதியா இருந்தா ஏன் மாமா காப்பாத்தல? அப்பீல் பண்ணலாம்ல?" என்று அவள் போனில் கேட்டாள். அப்போது வில்லி பிரான்சிஸ் பற்றிச் சொன்னேன். லூயிசியானாவில் கைதாகும்போது அவனுக்கு 16 வயது. வெள்ளைக்கார ஜூரி. அவன் வக்கீல்கள் ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை. 1946 மே 3 அன்று, ஊர் ஊராக லாரியில் கொண்டுபோகும் மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்காலி சரியாக வேலை செய்யவில்லை, பையன் பிழைத்துக்கொண்டான். மறுபடி உட்கார வைக்கலாமா என்று வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வைக்கலாம் என்று 5-க்கு 4. அடுத்த வருஷம் மே 9 அன்று வைத்தார்கள். கெய்ன்ஸின் நாவலிலும் அப்படியொரு நாற்காலி லாரியில்தான் ஊருக்குள் வருகிறது.

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. நான்தான் பேசினேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். நம் வீடுகளில், பார்க்கிங் லாட்டில் கார் கதவைப் பூட்டும்போது தமிழில் ஒரு சொல் சொல்வோமே, அது. இங்கே எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். யார்மேலும் வெறுப்பு இல்லாத என் அப்பாவும் சொல்வார். "ஜாக்கிரதைக்குத்தான்" என்பார். நானும் சொல்லியிருக்கிறேன், இவள் பின் சீட்டில் இருக்கும்போதே. தமிழில் சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்ற தைரியம். பின் சீட்டில் இருந்தவளுக்குப் புரிந்தது.

"தெரியும் மாமா," என்றாள்.

ஜெபர்சனை மாற்றியது கிராண்டின் பிரசங்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர்க்காரர்கள் காசு சேர்த்து வாங்கித் தந்த ஒரு சின்ன ரேடியோ, பிள்ளைகள் கொடுத்தனுப்பிய வேர்க்கடலை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். உன் மனதில் இருப்பதை எழுது என்கிறார் வாத்தியார். 29-ஆம் அத்தியாயம் முழுக்க அந்த நோட்டுதான். பெரிய எழுத்து இல்லை, முற்றுப்புள்ளி இல்லை, காதில் விழுந்தபடியே ஸ்பெல்லிங். திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார் கெய்ன்ஸ். யோசிக்கத் தெரியாதவன் என்று கோர்ட்டில் சொன்னார்களே, அவன் அதில் யோசிக்கிறான். கடைசி ராத்திரி தூங்காமல் விடிவதைப் பார்க்கிறான். ஒருகாலத்தில் பத்தாம் வகுப்பில் நான் புரட்டித் தள்ளிய பக்கங்கள் அவை.

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்கு அவளிடமிருந்து போன். அந்த அத்தியாயத்துக்கு வந்திருந்தாள்.

"ஒரு கமா கூட இல்ல மாமா."

"ஆமாம்."

"நாளைக்கு இதைத்தான் டீச்சர் சத்தமா படிக்கச் சொல்வாங்க. யாரையும் திரும்பிப் பாக்க மாட்டேன்."

"புத்தகத்தைப் பாரு," என்றேன்.