இருபத்தேழாம் நம்பர் வண்டி

ஜூன் 1, ஞாயிறு

மாட்டுக் கொட்டகையின் பின்சுவரோரம் இருபது வருஷத்துக்கு மேல் சாத்திக் கிடந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ இன்று காலை இரண்டு பேர் சேர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். செயின் துருப்பிடித்து விறைத்துப் போயிருந்ததால் பின்சக்கரம் சுற்றவில்லை; தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. முன்விளக்கு இல்லை. இண்டிகேட்டர் இல்லை. உயரத் தூக்கி மாட்டிய மட்கார்டு, அகலமான ஹேண்டில்பார், பின்னால் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு ஸ்பிராக்கெட். பக்க மூடியில் கையால் எழுதிய 27 இன்னும் வாசிக்க முடிகிறது. 1990களில் கோவை வட்டாரத்து மண் ரேஸ்களில் சித்தப்பா ஓட்டிய வண்டி இது.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி மெக்கானிக்காக இருக்கும், சித்தப்பாவின் அண்ணன் மகன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் வரியை எழுதினார்: கையிருப்பு ரூ.20,000. கடன் வாங்குவதில்லை.

ஆசையோடு கிக்கரில் கால் வைத்தவரைச் சித்தப்பா தடுத்துவிட்டார். “ஒதைக்காத கண்ணு. சிலிண்டருக்குள்ள துரு நிக்கும். ஒரே ஒதையில ரிங்கு ஒடைஞ்சு போர்ல கோடு விழுந்துரும்.” பிளக்கைக் கழற்றி, டீசலும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, அப்படியே விட்டார்கள்.

ஜூன் 5, வியாழன்

எண்ணெய் ஊறும் வரை வேலை இல்லை. சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஆர்.சி. புத்தகம் கிடைத்தது. சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு பொருந்துகின்றன. இந்த ஒன்று இல்லாமல் பழைய வண்டியில் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. பாதி வேலை முடிந்த பிறகு திருட்டு வண்டி என்று தெரியவந்தால் பணமும் போகும், மானமும் போகும்.

ஆர்.எக்ஸ். 100 எஸ்கார்ட்ஸ் தயாரிப்பாக 1985 கடைசியில் வந்தது, 1996-ல் நின்றது. 98 சி.சி., 11 குதிரைத் திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. வெளிநாட்டு மோட்டோகிராஸ் வண்டிகளைப் படத்தில் மட்டும் பார்த்த பையன்கள் இதையும், ஓசூரில் செய்த சுசுகி வண்டிகளையும்தான் விளக்கைக் கழற்றி, பட்டன் டயர் மாட்டி மண்ணில் இறக்கினார்கள். நம் ஊரின் டர்ட் பைக் என்றால் அதுதான். 2000-த்தில் புகை விதிகள் இறுகிய பிறகு டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இப்போது அசல் பாகங்கள் அருகிப்போய், அதே அட்டைப்பெட்டியில் வரும் போலிகள் பெருகிவிட்டன.

ஜூன் 8, ஞாயிறு

பிஸ்டன் அசைந்தது! மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டியதும் ஒரு விரற்கடை இறங்கிற்று. சிலிண்டரை உருவியபோது பிஸ்டன் தலையில் 0.50 என்ற முத்திரை தெரிந்தது. ஆர்.எக்ஸின் போர் (சிலிண்டர் துளை) அளவு 50 மில்லிமீட்டர். அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கும் போர் வேலை முன்பே இரண்டு முறை ஆகிவிட்டது, அடுத்தது 0.75. சைலன்சர் பக்கத்தில் பிஸ்டன் உரசிய தழும்பு நீளமாக இருக்கிறது. கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்தால் ‘டக் டக்’ என்கிறது. கிராங்க் பிரிக்காமல் தீராது.

ஜூன் 15, ஞாயிறு

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. பெரியவருக்கு எழுபது இருக்கும். இந்த என்ஜினின் கிராங்க் போல்ட் போட்டு முடுக்கியதல்ல; இரண்டு கனமான தட்டுகளுக்கு நடுவே ஒரு பின்னை டன் கணக்கில் அழுத்தி இறுக்கிச் செய்தது. பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புது ராடும் பேரிங்கும் போட்டு, மறுபடி அழுத்தினார். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கிராங்கை இரண்டு முனைகளுக்கு நடுவே நிறுத்தி, டயல் கேஜ் முள்ளைத் தண்டின் மேல் வைத்துச் சுற்றினார். முள் ஆடியது. செம்புச் சுத்தியலால் தட்டின் விளிம்பில் ஓர் அடி. மறுபடி சுற்றல். இன்னொரு அடி, இந்த முறை பாதி பலத்தில். முக்கால் மணி நேரம் இதே வேலை. முள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்குள் நின்ற பிறகே சுத்தியலைக் கீழே வைத்தார்.

“சீலு ரெண்டும் புதுசு போடுங்க தம்பி. பழசப் போட்டா நாஞ் செஞ்சதெல்லாம் வீணுங்க.”

அவர் சொன்னதில் டூ ஸ்ட்ரோக்கின் சூட்சுமமே இருக்கிறது. இந்த என்ஜின் கிராங்க் அறை வழியாக மூச்சு விடுகிறது. மேக்னட் பக்கத்து ஆயில் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும்; பெட்ரோலும் ஆயிலும் குறைந்த கலவை எரிந்து சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். விலையோ டீக்கடை பாக்கி அளவுதான். டேங்குக்குப் பளபளப்பான பெயின்ட் அடித்துவிட்டுப் பழைய சீலோடு ஓட்டி, பத்தே நாளில் என்ஜினை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

ரூ.3,700: ராட், பேரிங், கூலி.

ஜூன் 22, ஞாயிறு

போர் முடிந்தது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நூறில் நாலு பங்கு இடைவெளி. சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் போர்ட்டுகளின் விளிம்பு போர் போட்டதும் கத்திபோல் கூராகிவிடும். அரத்தாலும் எமரித் தாளாலும் அதை மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். அவசரக்காரர்கள் விட்டுவிடுகிற வேலை இது. பெரியவர் விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்த பிறகே சிலிண்டரைக் கையில் கொடுத்தார்.

பிஸ்டன் செட்டோடு ரூ.1,950.

ஜூன் 24, செவ்வாய்

டேங்க். அண்ணன் மகன் எலுமிச்சை உப்பைச் சுடுநீரில் கரைத்து ஊற்றி, இருபது நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கினார். பழுப்பு நீர் வந்தது. சோடா உப்புக் கரைசலால் இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்து, 2டி ஆயில் பூசினார். இருபது நட்டுகளும் எண்ணி எடுக்கப்பட்டன. ரூ.120.

ஜூன் 29, ஞாயிறு

என்ஜின் மூடியாகிவிட்டது. பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சரைப் பார்க்கிறது. ரிங்குகளின் வாய் அதனதன் முளையில் உட்கார்ந்திருக்கிறது. கசிவு பார்க்க அவர் கண்டுபிடித்த கருவி, வீட்டில் கிடந்த பழைய இரத்த அழுத்தமானி. சைலன்சர் வாயைச் சைக்கிள் டியூப் ரப்பரால் அடைத்து, உறிஞ்சும் வாயில் ஒரு தகட்டை முடுக்கி, அதில் குழாயைச் செருகி, ரப்பர் பந்தை அமுக்கினார். முள் 250-க்கு ஏறியது. ஐந்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை. சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஏழாவது உதையில் பிடித்தது. கொட்டகையில் கோழிகள் சிதறின, தெருப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள், சித்தப்பா எதுவும் பேசாமல் சைலன்சர் அருகே காதை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆனால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்கவில்லை. மேலேயே தொங்கிக்கொண்டு நின்றது. “ஆஃப் பண்ணு!” என்று சித்தப்பா கத்தியதும் அவர் உடனே அணைத்தார். சத்தம் இறங்காவிட்டால் காற்று எங்கிருந்தோ புகுகிறது என்று பொருள். தவறு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. சோதனையின்போது அவர் தகட்டை முடுக்கியது ரீட் வால்வு வாயில். அதற்கும் கார்பரேட்டருக்கும் நடுவே இருக்கும் ரப்பர் இணைப்பு சோதனைக்குள்ளேயே வரவில்லை. வளைத்துப் பார்த்தால் அடியில் மயிரிழை அளவு வெடிப்பு. முழுசாகச் சோதிக்க வேண்டுமென்றால் கார்பரேட்டர் உட்காரும் ரப்பர் வாயை அடைத்துப் பார்க்க வேண்டும். பிஸ்டனுக்குச் சேதமில்லை. புது ரப்பர் ரூ.380.

ஜூலை 13, ஞாயிறு

தோட்டத்து மண் வழியில் நாற்பது நிமிடம், பாதி ஆக்சிலேட்டரைத் தாண்டாமல். ரேஸுக்காக ஆயில் பம்பை அன்றே கழற்றிவிட்டதால், லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கையால் கலக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் சேர்வதால் அது ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலிசெய்து, கார்பரேட்டர் வற்றும் வரை ஓடவிட்டு அணைக்கிறார்.

கணக்கு: என்ஜினுக்கு ரூ.7,350. டயர், செயின், ஸ்பிராக்கெட், ஃபோர்க் சீல், பிரேக், கேபிள், ஆயில் எல்லாம் சேர்த்து மொத்தம் ரூ.16,180. பெயின்டுக்கு ஒரு பைசா இல்லை. 27-ஐ அழிக்க வேண்டாம் என்று சித்தியே சொல்லிவிட்டார். மீதி ரூ.3,820 ஆர்.சி. புதுப்பிக்கும் செலவுக்கு. விளக்கும் காப்பீடும் ஆகும் வரை வண்டி தோட்டத்து வரப்பைத் தாண்டாது.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் இப்படி ஒரு வண்டி நின்றால், தயவுசெய்து உதைத்துப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, எண்ணெய் ஊற்றி, ஒரு வாரம் காத்திருங்கள்.