நாங்களும் வேதக்காரர்கள்தான்

‘விசுவாசத்தில் நிலைத்திருங்கள்’ என்று எங்களுக்குப் பிரசங்கம் வைக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. சோதனை வரும், எதிர்ப்பு வரும், மனம் தளரக்கூடாது என்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. எனக்கு இதில் ஒரு சந்தேகம். இதை யார், யாருக்குச் சொல்வது? நாலு தலைமுறையாய்க் கோயிலின் பின்வாசலில் நின்று பூசை கண்ட சனம் நாங்கள். நிலைத்திருப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வேண்டுமானால் எங்கள் அம்மாக்களிடம் வந்து கற்றுக்கொண்டு போகட்டும்.

இந்தப் பக்கம் இப்படியென்றால் அந்தப் பக்கம் இயக்கத் தோழர்கள். “ஒதுக்கி வச்ச கோயிலுக்கு இன்னும் எதுக்குத் தோழர் போறீங்க? வெளிய வந்துடுங்க” என்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் காட்டிய வழியை மதிக்கிறவள்தான் நானும். அந்த வழியில் போன சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. ஆனால் போகாதவர்களை ஏமாளிகள் என்று நினைத்துவிடக்கூடாது. அவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விழுப்புரம் பக்கம் எங்கள் ஊர். கோயில் ஊர்த்தெருவில். சேரி ஓடைக்கு அந்தாண்டை. ஊர்த்தெருக்காரர்களும் வேதக்காரர்கள்தான். ஒரே மாதா, ஒரே ஜெபமாலை, ஒரே பூசை. ஆனால் திருவிழா அன்றைக்குத் தேர் ஊர்த்தெருவை மட்டும் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிடும். எங்கள் ஆயா இதற்கு ஒரு கதை வைத்திருந்தது. “அவுங்க தூக்குனாத்தான் மாதா வருவாளா? அவளுக்குக் காலு இல்லியா? எல்லாரும் தூங்குன அப்பறமா நம்ம தெருவுக்கு நடந்து வந்துட்டுப் போவா” என்று சொல்லும். சின்ன வயசில் தேர்த் திருவிழா ராத்திரிகளில் நான் கண்ணை மூடாமல் படுத்திருப்பேன்.

கோயிலுக்குள் கயிறு எதுவும் கட்டவில்லை. கட்ட வேண்டிய தேவையும் இல்லை. எவர் எங்கே உட்காரவேண்டும், நற்கருணை வாங்க எவர் முதலில் எழுந்திருக்கவேண்டும் என்பதெல்லாம் சேரிப் பிள்ளைக்கு மந்திரம் படிக்கும் முன்னமே தெரியும்.

2009இல் அப்பா செத்துப்போனார். நான் அப்போது பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. கோயில் கோபுரம் கட்டியபோது மண்ணும் கல்லும் சுமந்தவர் அவர். பங்குக்குப் பொதுவாக ஒரு சவ வண்டி இருந்தது. அதற்கு எங்கள் வீட்டிலும் வரி வாங்கினார்கள். ஆனால் அன்றைக்கு வண்டி வரவில்லை. ஊர்த்தெரு வழியாகச் சேரிப் பிணம் போகக்கூடாது என்று வழிமறித்து நின்றார்கள். சாமியார் வந்தார். “இப்ப நேரம் சரியில்லம்மா, சமாதானமாப் போயிடுங்க” என்றார். யாருடைய சமாதானம் என்று அவர் சொல்லவில்லை. ஓடையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லறையிலும் எங்களுக்குத் தனி மூலை, நடுவில் இடுப்புயரச் சுவர். செத்த பிறகும் தீட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசைக்குக் கிளம்பியது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“எந்த மூஞ்சிய வச்சிக்கினு போற?”

“எம் மூஞ்சிய வச்சிக்கினுதான் போறேன். கோயிலு என்னா அவுங்க அப்பன் ஊட்டுச் சொத்தாடி? உங்கப்பன் மண்ணு சொமந்த கோயிலு. நான் போவலன்னா அவுங்களுக்குத்தான் எடம் விசாலமாப் பூடும்.”

போய் நேராகப் பீடத்துக்கு முன்னால், முதல் வரிசையில் உட்கார்ந்தது. எழுந்திருக்கச் சொன்னார்கள். எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் அம்மா பக்கத்தில் மூணு பொம்பளைகள். அதற்கடுத்த வாரம் ஒன்பது பேர். உபதேசியார் வீடு தேடி வந்து புத்தி சொன்னார். ஊர்க்காரர் நிலங்களில் ஆறு மாசம் எங்கள் பொம்பளைகளுக்கு நடவு இல்லை, களை இல்லை. கம்பங்கூழுக்கும் வழியில்லாத நாட்களில்கூட அந்த வரிசை காலியாகவில்லை. இன்று அங்கே யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அந்த இடத்தைச் சாமியாரும் கொடுக்கவில்லை, ஆயரும் கொடுக்கவில்லை. கூலியை இழந்து வாங்கிய இடம் அது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரட்டைக் கோயில் கட்டிச் சுவர் வைத்தார்கள். 1910இல் அந்தச் சுவரைப் பங்குச் சாமியார் இடித்தபோது வெள்ளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவரை இடிக்க 2010இல் பெரியார் தொண்டர்கள் கடப்பாரையோடு வர வேண்டியிருந்தது. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9, தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் தாக்க வந்த தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்களும் கிறித்தவர்கள்தான். சாதி அவர்களையும் காவு வாங்கியது.

சீர்திருத்தச் சபைகளின் கதையையும் பார்க்கலாம். 1833இல் ஆங்கிலிகன் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அடியோடு விட்டொழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். இதை யோசித்துப் பாருங்கள். சாதியை விடச் சொன்னதும் சபையை விட்டவர்கள் அவர்கள். சாதிக் கொடுமையை அனுபவித்துக்கொண்டே சபையை விடாதவர்கள் நாங்கள். இதில் யாருக்கு வேண்டும் விசுவாசப் பிரசங்கம்?

கோயிலுக்குள் இப்படி. வெளியே அரசாங்கம் இன்னொரு சுவர் வைத்திருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்காகவும் 1990இல் பௌத்தர்களுக்காகவும் அதைத் திருத்தினார்கள். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. அந்தப் பத்தியை நீக்கிவிடலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. இங்கே எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். ஓடையில் பிணம் தூக்கும்போது பறையர். தாலுக்கா ஆபீசில் பி.சி.

சூசை என்ற தோழரை நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். செருப்புத் தைக்கும் தாழ்த்தப்பட்டோருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். ஆதாரமா இல்லை? ஒவ்வொரு கல்லறையிலும் செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்றுகொண்டிருக்கிறதே! சுவரை வைத்துக்கொண்டிருந்தவர்கள் சாட்சி சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

இதனால்தான் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ரெட்டைப் பேர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒன்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பசியோடு படித்த பிள்ளைக்கு வேலை வேண்டும். ஆனால் சட்டம் அவர்களையும் நிம்மதியாக விடவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவ விசுவாசத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்புச் சட்டத்தை ஏமாற்றுவது என்றது உச்ச நீதிமன்றம். ஏமாற்றப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

என் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. சாதிச் சான்றிதழ் எடுக்கவேண்டும். “இந்துன்னு எழுதிடு தங்கச்சி, பாப்பா படிப்புக்கு ஆவும்” என்று அண்ணன் அக்கறையாகச் சொல்கிறது. அதன் கவலை எனக்குப் புரிகிறது. ஓர் எழுத்து மாற்றினால் அவள் வழி கொஞ்சம் அகலமாகும். ஆனாலும் எழுதவில்லை. அவள் ஆயா கூலியைப் பறிகொடுத்துப் பிடித்த இடத்தை, ஒரு காகிதத்தில் இல்லாமல் ஆக்க எனக்குக் கை வரவில்லை. உரிமையும் வேண்டும், விசுவாசமும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று எங்களைக் கேட்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

நிலைத்திருப்பது என்றால் பொறுத்துப்போவது என்று அர்த்தம் சொல்லித் தந்துவிட்டார்கள். கிறிஸ்து தொழுநோயாளியைத் தொட்டவர், ஊருக்கு வெளியே கொல்லப்பட்டவர். ஊருக்கு வெளியே என்றால் எந்த இடம் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் அவரைக் கும்பிட எங்களுக்கு எவர் சிபாரிசும் வேண்டாம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்று எல்லோரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு ஐயா, பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 2005இல் காலமானார். கோயிலுக்கு வெளியே நிறுத்திவைத்த பறை பீடத்துக்கு முன்னால் அடித்ததை ஒருமுறை கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. கத்தோலிக்கர் ஏறக்குறைய 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்பது அதிலுள்ள கணக்கு. 2022இல் அந்தோணி பூலா ஆண்டகை முதல் தலித் கர்தினால் ஆனார். சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வோர் ஆகஸ்ட் 10ஆம் தேதியும் கறுப்புக் கொடி ஏற்றி அரசாங்கத்தைத் திட்டினால் மட்டும் போதாது, ஆண்டகைகளே. உங்கள் மறைமாவட்டங்களில் எத்தனை கல்லறைச் சுவர், எத்தனை தெருவுக்குள் தேர் போகவில்லை, எத்தனை சவ வண்டி சேரிக்கு வரவில்லை என்று பங்குவாரியாகக் கணக்கெடுங்கள். கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்தில் வையுங்கள். சூசைக்குக் கிடைக்காத சாட்சி அது. சொன்னால் உங்களுக்கு மானக்கேடுதான். ஆனாலும் சொல்லுங்கள். அதன் பிறகு விசுவாசத்தில் நிலைத்திருப்பதைப் பற்றிப் பிரசங்கம் வையுங்கள், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறோம்.