சாசனத்துக்கு முன்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பிரின்ஸ் ஹால் ஃப்ரீமேசன் மரபுக்கு 2025இல் 250 வயது. 1775 மார்ச் 6 அன்று பாஸ்டனில் பிரின்ஸ் ஹாலும் 14 கறுப்பினத்தவரும் பிரிட்டிஷ் ராணுவ லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தார்கள். உள்ளூர் வெள்ளையர்களின் சகோதரத்துவத்தில் அவர்களுக்கு இடமில்லை. தனியே கூடினார்கள். கிடைத்தது அரைகுறை அனுமதி: ஊர்வலம் போகலாம், இறந்தவரை அடக்கம் செய்யலாம், புது ஆள் சேர்க்கக் கூடாது. 1784 தேதியிட்ட லண்டன் சாசனம் கைக்கு வந்தது 1787இல். அதே வருஷம் கறுப்பினக் குழந்தைகளின் கல்விக்காக ஹால் சட்டமன்றத்தில் மனு கொடுத்தார்.

ஒரு வரி நிரல் மாற்றவும் அப்ரூவலுக்குக் காத்துக்கிடக்கிற எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. சாசனத்திலிருந்து எண்ணினால் 250ஆவது விழாவுக்கு 2034 வரை பொறுக்கணும். அவர்கள் பொறுக்கவில்லை. தாங்களே கூடிய வருஷம்தான் அவர்களுக்கு முதல் வருஷம்.