கடைசிப் பெட்டியும் ஒரு சொம்புத் தண்ணீரும்

என் மாமனாருக்கு 82 வயது. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. ஆனால் தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார். அருப்புக்கோட்டை வெயில் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! சித்திரையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெயிலிலும் அவருக்குக் காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அவ்வளவுதான். இரண்டு தடவை கல்லடைப்பு வந்து துடித்துப் போனார். டாக்டர் கண்டித்தும் பலனில்லை. "மாமா, இந்தச் சொம்பைக் காலி பண்ணிடுங்க" என்று வைப்பேன். சாயங்காலம் அந்தத் தண்ணீர் அப்படியே துளசிச் செடிக்குப் போகும். பிடிவாதக்காரர் என்று மனசுக்குள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

போன கோடை லீவில் அமெரிக்காவிலிருந்து வந்த கொழுந்தனார், ஆறாவது படிக்கும் என் மகனுக்கு ஒரு பொம்மை ரயில் பெட்டி வாங்கி வந்தார். சிவப்பு நிறம், கூரை மேல் சின்னதாக ஒரு மாடம். அந்த ஊர்க் கூட்ஸ் வண்டியில் கடைசியாக வரும் பெட்டியாம். 'கபூஸ்' என்று பெயர். மாடத்தில் உட்கார்ந்து வண்டி முழுவதையும் கண்காணிப்பார்களாம். 1980களில் அங்கே அதையெல்லாம் எடுக்க ஆரம்பித்து, கடைசி வண்டியில் ஒரு மினுக்கு விளக்குக் கருவியை மாட்டிவிட்டார்களாம்.

"தாத்தா ஓட்டின வண்டிடா இது" என்றார் கொழுந்தனார்.

மாமா 33 வருஷம் கார்டாக இருந்தவர், அதில் பெரும்பகுதி கூட்ஸ் வண்டியில். (2022லிருந்து கார்டை 'டிரெயின் மேனேஜர்' என்கிறார்கள். பெயராவது பெரிசாயிற்றே!) பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம வண்டி இல்லப்பா. கார்டு ஓட்டவும் மாட்டான்" என்று வைத்துவிட்டார்.

பையன் விடவில்லை. அட்டைப் பெட்டியில் 87ல் ஒரு பங்கு என்று போட்டிருந்தது. சக்கரம் ஓடும் தண்டவாள இடைவெளி 16.5 மில்லி மீட்டர். பெருக்கிப் பார்த்தால் சுமார் 1435 வருகிறது. விருதுநகரிலிருந்து எங்கள் ஊர் வழியாகத் திருச்சுழி, மானாமதுரை போகும் பாதை 1960களில் போட்டபோது மீட்டர் கேஜ், அதாவது 1000 மில்லி. 2013ல் திரும்பத் திறந்தபோது அகலப் பாதை, 1676 மில்லி. "தாத்தா, இந்த வண்டி அன்னைக்கும் நம்ம ஊருக்கு வந்திருக்காது, இன்னைக்கும் வராது!" என்று குதித்தான்.

இன்னொரு வேடிக்கையும் கொழுந்தனார் சொன்னார். அங்கே ஒரு பெயர்பெற்ற கம்பெனி சாண்டா ஃபே ரயில்வேயின் பெட்டியைப் பார்த்து அச்சு செய்துவிட்டு, அதே அச்சில் வார்த்ததற்குப் பல ரயில்வேக்களின் நிறத்தையும் பெயரையும் பூசி விற்றதாம். அச்சு செய்யத்தான் அதிகச் செலவு. பெயிண்ட் மாற்றுவது மலிவு. நமக்குப் புரியாததா இது? ஒரே கட்டிங் பேப்பரை வைத்துத் தெரு முழுவதற்கும் ரவிக்கை தைத்து, துணியை மட்டும் மாற்றினால் எப்படியோ அப்படி! உடம்புக்குச் சேராது, தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது.

"அப்ப நம்ம வண்டிய நாமளே செய்வோம்" என்றார் மாமா. அத்தை போன பிறகு அவர் தானாக ஆரம்பித்த முதல் வேலை அதுதான்.

ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு. என் தையல் டேப்பையே எடுத்துக்கொண்டார்கள். மீட்டர் கேஜுக்கு இடைவெளி 21 மில்லி வந்தது. சுவருக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, படிக்குச் சாத்தூர்த் தீப்பெட்டி, கைப்பிடிக்குக் குண்டூசி, நாலு சக்கரத்துக்கும் கோட்டுப் பொத்தான். கைப் பிரேக் சக்கரத்துக்கு என் ரவிக்கைப் பட்டன் ஒன்று போயிற்று. இரண்டு பக்கமும் திறந்த திண்ணை. பின்னால் பார்த்தால் சிவப்பும் முன்னால் வெள்ளையும் தெரிகிற பக்க விளக்குகள், நடுவில் கடைசி விளக்கு. அந்த விளக்கைப் பார்த்துத்தான் வண்டி வழியில் அறுந்துவிடாமல் முழுசாக வந்ததென்று ஸ்டேஷன் மாஸ்டர் தெரிந்துகொள்வாராம். ஜன்னல் ஒரு நூல் தள்ளிப்போனதற்கு ஒரு சுவரையே பிய்த்துப் போட்டார் மாமா. எனக்கானால் எரிச்சல்!

உள்பக்கம் செய்த அன்று நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்த அமெரிக்கப் பெட்டிக்குள் அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு என்று கொழுந்தனார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தாத்தா, நம்ம வண்டியில பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றான் பையன்.

"இல்லடா."

"அப்ப எப்படி?"

"வண்டி நின்னா கீழ இறங்கணும். எந்த லூப் லைன்ல எத்தன மணி நேரம் நிக்கும், எப்பக் கிளம்பும், ஒண்ணும் தெரியாது. இறங்கின நேரம் கிளம்பிட்டா? அதனால டூட்டிக்குப் போறப்ப தண்ணி குடிக்கிறதில்ல. பழகிப்போச்சு."

விளக்கு இல்லாத, ஃபேன் இல்லாத அந்தப் பெட்டியில் தனி ஆளாக, தகரக் கூரைக்குக் கீழே. எனக்குக் கை ஓடவில்லை. அத்தனை வருஷமாக நான் சண்டை போட்டது அவரோடு அல்ல, அந்தப் பெட்டியோடு!

முடிக்கப் பதினேழு நாள் ஆயிற்று. பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் என் நாத்தனார் பார்த்துவிட்டு, கொலுவுக்குப் பன்னிரண்டு வேண்டும் என்றாள். பதினேழு நாளுக்கு ஒன்று என்றால் எப்படி முடியும்? எதை விடுவது என்று தாத்தாவும் பேரனும் பஞ்சாயத்து பண்ணினார்கள். ஆணி வரிசைப் புள்ளிகள் போகட்டும். உள்ளே இருக்கும் வாக்குவம் முள் கடிகாரம் வெளியே தெரியாது, போகட்டும். திண்ணை இரண்டும், கைப் பிரேக்கும், விளக்குகளும் போகக்கூடாது. நாத்தனார், "குழந்தைங்க ஆசைப்படும், உள்ள ஒரு கட்டில், ஒரு பாத்ரூம் வச்சுடுங்கப்பா" என்றாள். பையனும், "வைப்போம் தாத்தா, பாவம்ல" என்றான்.

"எத வேணாலும் விடு. இல்லாதத வைக்காத. பாக்கிறவன் இருந்துச்சுன்னு நெனச்சுக்குவான்" என்றார் மாமா.

அன்றிலிருந்து நான் சொம்பை நீட்டிச் சண்டை போடுவதில்லை. வயதானால் தாகமே சரியாகத் தெரியாதாம். அதனால் கேட்கும்வரை காத்திருக்காமல், பசை காயும் நேரத்திலெல்லாம் அரை டம்ளராகக் கொடுத்துவிடுகிறேன். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கும் போட்டாயிற்று. (இருதயக் கோளாறோ கால் வீக்கமோ உள்ள பெரியவர்களுக்கு டாக்டரைக் கேட்டுத்தான் தண்ணீர் அளவை வைக்க வேண்டும்.) பாதி நாள் பாதி டம்ளர் மீதிதான். அப்போதெல்லாம் பையன் என் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பான்.

"சிவப்பு காட்டிட்டேன் தாத்தா. வண்டி கிளம்பாது. குடிங்க!"

நாத்தனாருக்கு எட்டுப் பெட்டி போயிருக்கிறது. இன்னும் நாலு பாக்கி.